கண்ணிமைக் கரப்பானுக்கு ஸ்டீராய்டா, டாக்ரோலிமஸா?

கண்ணிமையிலும் கழுத்திலும் எக்ஸிமா, அதாவது கரப்பான், வந்து ஆறு வருடமாகிறது. இரண்டு களிம்பையும் மாதக்கணக்கில் தடவியிருக்கிறேன். இப்போது அலமாரியில் முன்வரிசையில் இருப்பது டாக்ரோலிமஸ். என் சாய்வு தெரிந்துவிட்டதல்லவா, மேலே போகலாம்.

வேகம், விலை இரண்டிலும் ஸ்டீராய்டுதான். எனக்கு மூன்றாம் நாளே அரிப்பு அடங்கிவிடும். அதில் விவாதமே இல்லை.

என் முடிவை மாற்றியது அதற்கப்புறம் வரும் பராமரிப்பு. இரண்டு மருந்தும் கடைசியில் கைவைப்பது டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபாக்டர்களில்தான். செல்லின் கருவுக்குள் எந்த மரபணு விழிக்க வேண்டும், எது தூங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் புரதங்கள் அவை. செல்லுக்குள் ஸ்டீராய்டு பற்றிக்கொள்ளும் புரதமான ஏற்பியே அப்படிப்பட்ட ஒன்று. கருவுக்குள் நுழைந்து, அழற்சியைக் கிளப்பும் என்எஃப்-கப்பா-பி, ஏபி-1 என்ற வேறு இரண்டு டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபாக்டர்களையும் அது அடக்கிவிடும். ஆனால் அந்த ஏற்பி ஏறக்குறைய எல்லா செல்லிலும் இருக்கிறது, தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனைச் செய்யும் செல்லிலும்தான். அங்கேயும் உற்பத்தி குறைந்து தோல் மெலிகிறது. இமைத் தோலோ உடம்பிலேயே மெல்லியது. போதாததற்கு, கண்ணருகே நாள்பட ஸ்டீராய்டு தடவினால் கண் அழுத்தம் ஏறும் அபாயமும் உண்டு. ஆகவே விட்டு விட்டுத்தான் தடவ முடியும். நான் விட்ட பத்தாம் நாள் சிவப்பு திரும்பி வந்துவிடும்.

டாக்ரோலிமஸ் 1984இல் ஜப்பானின் சுகுபா மலைப்பகுதி மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியாவிலிருந்து வந்தது. கால்சிநியூரின் என்ற நொதியை அது முடக்குகிறது; அதனால் நோயெதிர்ப்பு செல்லான டி செல்லில் என்ஃபாட் என்ற டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபாக்டர் கருவுக்குள் போக முடியாமல் வாசலிலேயே நிற்கிறது. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-2 போன்ற சமிக்ஞைப் புரதங்கள் குறைகின்றன, கொலாஜனுக்குச் சேதமில்லை. தோல் தெளிந்த பிறகும், வழக்கமாகக் கிளம்பும் இடங்களில் வாரம் இரண்டு முறை தடவச் சொன்னார் டாக்டர். திங்கள், வியாழன் இரவு, பல் துலக்கிய கையோடு. அவ்வளவுதான் என் பராமரிப்பு.

சும்மா கிடைத்துவிடவில்லை. முதல் வாரம், மிளகாய் நறுக்கிய கையால் கண்ணைத் தேய்த்த மாதிரி எரிந்தது. இரண்டாம் நாள் ட்யூபைத் தூக்கி எறியப் பார்த்தேன். புற்றுநோய் பயமும் இருந்தது: 2006இல் அமெரிக்காவில் இதன் பெட்டியில் எச்சரிக்கை ஏறியது. பிறகு குழந்தைகளைப் பத்தாண்டு வரை பின்தொடர்ந்த ஆய்வு அந்தப் பயத்துக்கு ஆதரவு தரவில்லை. எச்சரிக்கை என்னவோ அப்படியேதான் இருக்கிறது.

டாபினரோஃப் என்று மூன்றாவது ஒன்றும் வந்திருக்கிறது. ஏரில் ஹைட்ரோகார்பன் ஏற்பி என்ற வேறொரு டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபாக்டரைத் தூண்டும் வகை. அமெரிக்காவில் 2022இல் சோரியாசிஸுக்கும், 2024 இறுதியில் எக்ஸிமாவுக்கும் அனுமதி கிடைத்தது. நான் தொட்டதில்லை, தொடாததைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ஸ்டீராய்டை வீட்டை விட்டே துரத்திவிடவும் இல்லை. கணுக்காலில் தோல் தடித்துப்போன ஓர் இடத்தில் டாக்ரோலிமஸ் பாச்சா பலிக்கவில்லை. பழைய ட்யூப் அதற்காகவே பின்வரிசையில் கிடக்கிறது.