ஓ-1 விசா பைல்: மட்டக்களப்பில் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது

மட்டக்களப்பு நகரில் மொழிபெயர்ப்பும் ரைப்பிங்கும் செய்யும் ஒரு நிலையம், அசாதாரணத் திறமையாளருக்கான அமெரிக்க ஓ-1 விசாவுக்கும் ‘முழுப் பைல்’ கட்டித் தருகிறது. பெயரை விடுவோம். மொழிபெயர்ப்புக்குத் தாராளமாகப் போகலாம்; முழுப் பைலுக்குக் காசு கட்ட வேண்டாம்.

கோளாறு விளம்பரத்திலேயே தொடங்குகிறது. ஓ-1 மனுவை விண்ணப்பதாரி தானே போட முடியாது. அமெரிக்காவில் உள்ள வேலைகொடுப்பவரோ முகவரோதான் ஐ-129 படிவத்தை அந்நாட்டுக் குடிவரவுச் சேவைக்கு அனுப்ப வேண்டும். ஒப்பந்தம், துறைசார்ந்த அமைப்பின் ஆலோசனைக் கடிதம் இரண்டும் கூடவே போக வேண்டும். அங்கே ஆள் இல்லாமல் இங்கே கட்டும் பைல் அலுமாரிக்குத்தான்.

மொழிபெயர்ப்பு வேலை சுத்தம். பத்திரிகைச் செய்தியின் தலைப்பு, திகதி, எழுதியவர் பெயர் எதுவும் விடுபடுவதில்லை. நம் பெயர் வரும் பந்தியை மட்டும் பெயர்த்தால் அது செல்லாது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரேயொரு குறை: கீழே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் முத்திரையோடு நிறுத்திவிடுகிறார்கள். அமெரிக்காவுக்கு அந்த முத்திரை கட்டாயமில்லை. மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது, அதைச் செய்யும் அளவுக்குத் தனக்கு மொழி தெரியும் என்று பெயர்த்தவர் கையொப்பமிட்ட உறுதிமொழிதான் வேண்டும். கேட்டால் அடித்துத் தருகிறார்கள், கேட்க வேண்டும்.

சான்று தெரிவில்தான் பைல் விழுகிறது. விஞ்ஞானம், கல்வி, வணிகம், விளையாட்டு ஆகியவற்றுக்கான ஓ-1ஏ பிரிவில், நோபல் போன்ற பெரும் விருது இல்லாதவர் எட்டு அளவுகோல்களில் குறைந்தது மூன்றைக் காட்ட வேண்டும். மூன்று கிடைத்ததோடு முடியாது. முழுச் சான்றையும் சேர்த்துப் பார்த்தே அதிகாரி முடிவெடுப்பார். நிலையமோ சான்றிதழ்க் கட்டின் பாரத்தை மட்டும் பார்க்கிறது. சந்தா கட்டினால் சேரக்கூடிய சங்கத்தின் உறுப்புரிமை அங்கத்துவ அளவுகோலில் நிற்காது. சிறந்த சாதனையை நிபுணர்கள் மதிப்பிட்டுச் சேர்க்கும் சங்கமாக இருக்க வேண்டும். ஆய்விதழுக்கு மதிப்பாய்வு செய்தவர் அழைப்பு மின்னஞ்சலை மட்டும் வைத்தால் போதாது. வேலையை முடித்ததற்கு இதழாசிரியர் தரப்பு அனுப்பிய உறுதிப்படுத்தலும் வேண்டும். உயர்சம்பள அளவுகோலுக்கு, வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் வாங்கும் சம்பளத்தை டொலருக்கு மாற்றிக் காட்டுவது வீண். இலங்கையில் அதே தொழிலில் மற்றவர்கள் வாங்குவதோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும்.

பரிந்துரைக் கடிதங்கள் மிக மோசம். ஐந்து பேராசிரியர்களுக்கும் ஒரே வார்ப்பு, ஒரே ‘மிகச் சிறந்த ஆய்வாளர்’. எந்த முறையைப் புதிதாகக் கண்டார், அதை யார் எங்கே பயன்படுத்துகிறார்கள் என்று எழுதாத கடிதம் வெறும் தாள். இந்த வேலையை மனுவைப் போடும் அமெரிக்கத் தரப்பின் குடிவரவு லோயரிடம் விடுங்கள்.

கூத்து அண்ணாவிமார், இசைக்கலைஞர்கள் கலைத்துறைக்கான ஓ-1பி பிரிவில் வருவார்கள். அதற்கு அளவுகோல்கள் வேறு. நிலையம் அவர்களுக்கும் ஓ-1ஏ பட்டியலையே நீட்டுகிறது. அரங்கேற்ற நோட்டீசில் ஊரழைக்கும் பெயரும் கடவுச்சீட்டில் முழுப்பெயரும் இருந்தால் இருவரும் ஒருவரே என்று ஒரு சத்தியக்கடதாசி சேர்க்கவும் சொல்வதில்லை.

மனு அங்கீகரிக்கப்பட்ட பிறகு டிஎஸ்-160 என்ற இணையவழி விசா விண்ணப்பத்தை நிரப்ப இங்கே வரலாம், கை வேகம். ஆனால் பாதுகாப்புக் கேள்விகளுக்கு உங்களைக் கேட்காமலே ‘இல்லை’ அழுத்திக்கொண்டு போகிறார்கள். ‘நிரப்ப யாரும் உதவினார்களா’ என்பதற்கும் அதே ‘இல்லை’. பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாக வாசியுங்கள். இறுதிக் கையொப்பத்தை நீங்களே இடுங்கள். கொழும்புத் தூதரகத்தில் பதில் சொல்லப்போவது நிலையத்துப் பொடியன் இல்லை.