சிபாப் டியூபில் சேரும் தண்ணீர்: கவரா, ஹீட்டட் டியூபா, ஏசி ரிமோட்டா?

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியாவுக்காக, டியூப் வழியே மாஸ்குக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சிபாப் மெஷினை மாட்டிக்கொண்டு தூங்குபவர்களில் பலருக்கு அந்தக் களக்களக் சத்தம் தெரியும். டியூபுக்குள் தேங்கிய தண்ணீரைக் காற்று தள்ளிக்கொண்டு வரும் சத்தம் அது. கொஞ்ச நேரத்தில் மூக்கின் மேல் சொட்டு விழும். தூக்கக் கலக்கத்தில் மாஸ்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். மிச்ச ராத்திரி முழுக்க மூச்சு பழையபடி நின்று நின்று வரும். அதனால் இதை ஒரு சின்னத் தொந்தரவு என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

காரணம் எளிது. மெஷினில் உள்ள ஹியூமிடிஃபையர் தன் தொட்டித் தண்ணீரைச் சூடாக்கிக் காற்றில் ஈரம் ஏற்றுகிறது. அந்தக் காற்று சுமார் இரண்டு மீட்டர் நீள டியூபைக் கடந்து வருவதற்குள் அறையின் குளிரில் ஆறிவிடுகிறது. 27 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 26 கிராம் நீராவியைத் தாங்கும். 24 டிகிரியில் 22 கிராம், 20 டிகிரியில் 17 கிராம், அவ்வளவுதான். மெஷின் 27 டிகிரியில் 85 சதவீத ஈரப்பதத்தோடு காற்றை அனுப்பினால் அதில் 22 கிராம் இருக்கும். வழியில் அது 20 டிகிரிக்கு இறங்கினால் கன மீட்டருக்கு 5 கிராம் தண்ணீர் டியூபின் சுவரில் படிந்தே தீரும். மாஸ்கின் காற்றுத் துளைகள் வழியாக மணிக்கு 2 கன மீட்டர் அளவுக்குக் காற்று போய்க்கொண்டே இருப்பதையும் சேர்த்துப் பாருங்கள். டியூபில் தண்ணீர் எப்படித் தேங்குகிறது என்பது புரிந்துவிடும்.

ஆக, வழி இரண்டுதான். டியூபைக் குளிரவிடாமல் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஏற்றுகிற ஈரத்தைக் குறைக்க வேண்டும். விற்கிற பொருட்களும் சொல்லப்படுகிற யோசனைகளும் இந்த இரண்டில் ஒன்றில் அடங்கிவிடும்.

ஈரத்தைக் குறைப்பது

பலர் முதலில் செய்வது இதைத்தான். உதாரணமாக ரெஸ்மெட் நிறுவனத்தின் ஏர்சென்ஸ் 10 மெஷினில் ஈரப்பத அளவு 1 முதல் 8 வரை இருக்கிறது. ஓரிரண்டு படி இறக்கினால் சொட்டு நிற்கும், காசும் செலவில்லை. ஆனால் ஏசி அறையின் காற்று ஏற்கெனவே உலர்ந்த காற்று. அங்கே ஈரத்தை நிறையக் குறைத்தால் காலையில் தொண்டை வறண்டிருக்கும், மூக்கு அடைத்துக்கொள்ளும். அந்த அவதியால் மெஷினையே பரணில் போட்டவர்கள் உண்டு. ஒரு படி இறக்கிப் பார்ப்பது சரி. முழுதாக அணைப்பதை நான் சொல்ல மாட்டேன், ஒரு நிலைமையைத் தவிர: சென்னை மாதிரி கடலோர ஊரில், ஏசி இல்லாமல் மின்விசிறியில் தூங்குபவர்கள். அந்த அறைக் காற்றிலேயே ஈரம் போதுமான அளவு இருக்கும், டியூபும் குளிராது. அவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு ஹியூமிடிஃபையரை மிகக் குறைவாக வைக்கலாம்.

ஏசி ரிமோட்

நம் ஊர்களில் இந்தப் பிரச்சினையின் வேர் பெரும்பாலும் ஏசிதான். காற்றை உலர்த்தி ஹியூமிடிஃபையரைத் தேவைப்பட வைப்பதும் அதுவே, டியூபைக் குளிர வைப்பதும் அதுவே. மேலே சொன்ன கணக்கை மறுபடி பாருங்கள். 22 கிராம் ஈரத்தைக் காற்று தாங்கக்கூடிய எல்லை 24 டிகிரி. இந்தியாவில் 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது விதி. மின்சாரத்தைச் சேமிக்க வந்த விதி, சிபாப்காரர்களுக்கும் நல்லது செய்கிறது. 24-லேயே விட்டு வைத்தால் சொட்டு வெகுவாகக் குறையும். கூடவே, ஏசியின் காற்று நேராக டியூப் மேல் அடிக்காதபடி அதன் தகட்டைத் திருப்பி விடுங்கள். பக்கத்தில் படுப்பவருக்கு 20 டிகிரி இல்லாமல் தூக்கம் வராது என்றால் இந்த வழி அடைபட்டுப் போகும். அப்போது கவரையோ ஹீட்டட் டியூபையோ யோசிக்க வேண்டியதுதான்.

துணிக் கவர்

ஃபிளீஸ் மாதிரி மெத்தென்ற துணியில், ஜிப் வைத்தோ உறை போலவோ வரும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், பழைய ஸ்வெட்டர் கையை வெட்டித் தைத்தாலும் வேலை நடக்கும். கவர் வெப்பத்தை உண்டாக்காது, இருக்கிற வெப்பம் ஓடிப்போவதை மெதுவாக்கும், அவ்வளவே. 23, 24 டிகிரி அறையில் இது தாராளம். 19, 20-ல் தோற்றுப்போகும். துணியைக் கழற்றித் துவைத்துப் போடும் வேலையும் உண்டு. டியூபைப் போர்வைக்குள் நுழைத்துக்கொள்வதும் இதே வேலையைச் செய்யும். போர்வைக்கு வெளியே கிடக்கும் துண்டு மட்டும் குளிரும்.

ஹீட்டட் டியூப்

இது வேறு ரகம். டியூபின் சுவருக்குள் சுற்றிப் போகும் கம்பி அதைச் சூடாக வைத்திருக்கும். ரெஸ்மெட்டின் கிளைமேட்லைன் ஏர் டியூபில் மாஸ்க் முனையில் வெப்பத்தை அளக்கும் உணரியும் இருக்கிறது. வெப்பத்தை 16 முதல் 30 டிகிரி வரை வைத்துக்கொள்ளலாம், தானியங்கி நிலையில் 27. அறை குளிர்ந்திருந்தாலும் ஈரத்தைத் தியாகம் செய்யாமல் சொட்டை நிறுத்துவது இது ஒன்றுதான் என்பதால், குளிர்ந்த ஏசி அறைக்கும், ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கும் நான் இதைத்தான் சொல்வேன். அப்படியும் சொட்டினால் டியூப் வெப்பத்தை இரண்டு டிகிரி ஏற்றுங்கள், ஈரத்தில் பிறகு கை வையுங்கள்.

குறைகள்? விலை சில ஆயிரம். கம்பி அறுந்தால் டியூபையே மாற்ற வேண்டும். மெஷினுக்கு மெஷின் பொருந்தாது: ஏர்சென்ஸ் 10-க்கான ஹீட்டட் டியூப் ஏர்சென்ஸ் 11-ல் மாட்டாது. அதனால் மாடல் எண்ணைச் சொல்லி வாங்குங்கள். மின்சாரமும் கூடுதலாக இழுக்கும். கரண்ட் போய் பேட்டரியில் ஓடும்போது டியூபின் சூட்டையும் ஹியூமிடிஃபையரையும் அணைத்துவிட்டால் பேட்டரி நெடுநேரம் தாங்கும்.

எதை வாங்கினாலும்

மெஷின் உங்கள் தலைமட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். கட்டில் உயரத்துக்கு மேல் உள்ள அலமாரியில் வைத்தால் சேர்கிற தண்ணீர் சரிந்து மாஸ்குக்குத்தான் வரும். கீழே ஒரு ஸ்டூலில் வைத்தால் அது தொட்டிக்கே திரும்பிவிடும். டியூபைத் தலைக்கு மேல் கொக்கியில் தொங்கவிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வளைவின் உச்சிக்கு மாஸ்க் பக்கம் படியும் தண்ணீருக்குப் போக வேறு இடமில்லை, அது முகத்துக்குத்தான் இறங்கும். ஏசி அறையில் கொக்கி போடுவதானால் ஹீட்டட் டியூபோடு போடுங்கள்.

பயணத்துக்கான ஏர்மினி போன்ற சிறு மெஷினில் தண்ணீர்த் தொட்டியே கிடையாது. நாம் வெளியே விடும் மூச்சின் ஈரத்தைப் பிடித்து அடுத்த மூச்சுக்குத் தரும் சிறு வடிகட்டிதான் அங்கே ஹியூமிடிஃபையர். டியூபில் ஈரம் ஏற்றாததால் அங்கே சொட்டுக்கு வழியே இல்லை. ஆனால் இதற்காகவே வீட்டு மெஷினை மாற்றுவது வீண்.

வாயையும் மூக்கையும் மூடும் பெரிய மாஸ்க் போடுபவர்கள் வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஈரம் டியூபில் இருக்கிறதா, மாஸ்கின் உட்புறத்தில் மட்டும் இருக்கிறதா என்று காலையில் கழற்றிப் பாருங்கள். மாஸ்கில் மட்டும் என்றால் அதில் பெரும்பங்கு உங்கள் மூச்சின் ஈரம், குளிர்ந்த பிளாஸ்டிக்கில் படிந்தது. ஹீட்டட் டியூபின் சூடு மாஸ்க் முனையோடு முடிந்துவிடுவதால் அதற்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. அறையை இரண்டு டிகிரி சூடாக வைப்பதுதான் அவர்களுக்குக் கைகொடுக்கும்.