46,500 ரூபாய்க்கு முட்டை அவித்த கதை

இன்குபேட்டர், அதுதான் கோழி இல்லாமல் சூட்டில் முட்டை பொரிக்க வைக்கிற பெட்டி, வாங்க நினைக்கிறவர்கள் காசு அனுப்ப முதல் இதை ஒருக்கால் வாசியுங்கள். நேற்றோடு 21 நாள் முடிந்தது. வைத்தது 84 ஊர்க்கோழி முட்டை. பொரித்தது இரண்டு. அந்த இரண்டும் 19ஆம் நாளே அவசரப்பட்டு வெளியே வந்து, தொப்புள் மூடாமல், கால் விரிந்து கிடந்து அன்றிரவே செத்துப்போயின. மிச்சம் எல்லாம் கூழ். கிடங்கு வெட்டித் தாட்டேன். கையில் இன்னும் மணம் போகவில்லை. பெட்டிக்குப் போனது 46,500 ரூபாய், முட்டைக் காசு வேறு.

எங்கள் வீடு மட்டக்களப்பில், களுவாஞ்சிகுடிப் பக்கம். வளவில் 14 பேடும் இரண்டு சேவலும் நிற்கின்றன. ஒரு பேடு அடை கிடந்தால் பத்துப் பன்னிரண்டு முட்டைதான், குஞ்சோடு திரியும் காலம் முட்டையும் இடாது. மாரியிலேயே நிறையக் குஞ்சு எடுத்தால் சித்திரை வருஷத்துக்கு விற்கலாம் என்று கணக்குப் போட்டேன். இவர், என் வீட்டுக்காரர், சொன்னார்: மீன் ஏற்றுகிற ரெஜிபோம் (வெள்ளை நுரைப்) பெட்டி ஒன்று, இரண்டு குண்டு பல்ப், சூடு கூடினால் பல்பை நிறுத்துகிற தெர்மோஸ்டாட் ஒன்று, பழைய கம்ப்யூட்டர் காத்தாடி, அடியில் ஒரு தட்டுத் தண்ணீர், இதற்கு ஏன் கடைக்குப் போவான் என்று. நான்தான் கேட்கவில்லை. சீட்டுக் காசு கையில் இருந்தது.

இணையத்தில் சாமான் விற்கிற பக்கம் ஒன்று. பெயரைப் போட்டால் வழக்கென்று வருவான், அதனால் விடுகிறேன். நூறு முட்டை பிடிக்குமாம், தானாகத் திருப்புமாம். குஞ்சு கோதுடைத்து வருகிற வீடியோ அனுப்பினான். "பொரிக்காவிட்டால் என்ன செய்வது தம்பி?" என்று கேட்டேன். குரல் பதிவு ஒன்று வந்தது. "அக்கா, நீங்க ஒண்டுக்கும் யோசிக்க வேணாம். என்ட அம்மாவும் கோழி வளர்க்கிறவதான். பொரிக்காட்டி நானே வந்து பெட்டியைத் தூக்கிட்டுக் காசத் தருவன்." அவன் பேசி முடிக்கவும் பின்னால் ஒரு சேவல் கூவியது. அந்தச் சத்தத்தில்தான் நான் விழுந்தேன். கோழி வளர்க்கிற வீட்டுப் பிள்ளை, பொய் சொல்ல மாட்டான் என்று அடுத்த நாளே 46,500 ரூபாயையும் வங்கியில் போட்டேன். கணக்கு வேறொரு பெயரில் இருந்தது. அதையும் பார்த்தேன், பார்த்தும் போட்டேன்.

நாலாம் நாள் திருப்புகிற மோட்டரின் பிளாஸ்டிக் பல் தேய்ந்து நின்றது. சரி, கையால் திருப்பினேன். ஏழாம் நாள் இருட்டில் டோர்ச் அடித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் இரத்த வளையம். போன் எடுத்தேன். "கரண்ட் கூடிக் குறைஞ்சிருக்கும் அக்கா." மறுகா, "உங்கட சேவல் சரியில்ல, முட்டையில கரு இல்ல." கரு இல்லாத முட்டை வெளிச்சத்தில் வெறுமையாகத் தெரியும், வளையம் வராது. கரு பிடித்துச் செத்தால்தான் வளையம். அதே சேவலின் முட்டை, அதே கிழமை, புள்ளிப் பேட்டுக்குக் கீழே 11 வைத்தேன், 9 பொரித்தது. இதைச் சொன்னதும், "அடிக்கடி திறந்து பார்த்திருப்பீங்க, அப்ப கேரண்டி இல்ல." கடைசியாகக் கொழும்பிலிருந்து ஆள் வருமென்றான். வரவில்லை. இப்போது என் நம்பரை மறித்துவிட்டான்.

குஞ்சுகள் செத்த பிறகுதான் எனக்கு மூளை வேலை செய்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற பாதரசத் தெர்மோமீற்றரை முட்டைகளுக்கு நடுவே வைத்தேன். பெட்டியின் திரையில் 37.7 பாகை செல்சியஸ். தெர்மோமீற்றரில் 40.2! சூடு பார்க்கிற வயர்நுனியைக் காற்று வரும் ஓட்டைக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறான். அது குளிர்காற்றைப் பார்த்துக்கொண்டிருக்க, உள்ளே முட்டை வெந்துகொண்டிருந்திருக்கிறது. 46,500 ரூபாய் கொடுத்து முட்டை அவித்திருக்கிறேன்.

இன்னும் கேளுங்கள். தம்பிலுவிலில் இருக்கிற மச்சாளிடம் அழுதேன். அவளும் அதே பக்கத்தில் விலை கேட்டிருந்தாளாம். தனக்கு வந்த குரல் பதிவைப் போட்டுக் காட்டினாள். அதே "யோசிக்க வேணாம்", அதே அம்மா, அதே இடத்தில் அதே சேவல்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஒன்றும் ஓடவில்லை. பெட்டி கைக்கு வந்த பிறகு காசு கொடுங்கள். முட்டை வைக்காமல் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, உங்கள் சொந்தத் தெர்மோமீற்றரால் நாலு மூலையும் பாருங்கள். காத்தாடி உள்ள பெட்டிக்கு 37.5 தொடக்கம் 37.8 வரை. 18ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்தி, ஈரத்தைக் கூட்டுங்கள். வேறு பெயர்க் கணக்குக்குக் காசு போடவே வேண்டாம்.

இவருடைய மீன் பெட்டியில் இப்போது 20 முட்டை இருக்கிறது, இன்றைக்கு மூன்றாம் நாள். மழையில் கரண்ட் போய்விட்டது, சுடுதண்ணிப் போத்தல் வைக்க வேண்டும். மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.