அயோவாவில் இரண்டு செனட்டர்கள்: பைடனும் டாடும்

2008 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கான ஜனநாயகக் கட்சிப் போட்டியில் ஜோ பைடன், கிறிஸ் டாட் இருவருமே பழுத்த அனுபவசாலிகள். பைடன் 1973 முதல் செனட்டர், டாட் 1981 முதல். ஒபாமா, ஹிலாரி அலையில் இருவரும் எடுபடவில்லை.

பைடன் ஈராக்கைத் தன்னாட்சிப் பகுதிகளாகப் பிரிக்கும் தன் கூட்டாட்சித் திட்டத்தை ஊர் ஊராக விளக்கினார். டாட், வேட்பாளர் தேர்வில் முதலில் வாக்களிக்கும் மாநிலமாக இருந்த அயோவாவுக்கே குடும்பத்தோடு குடிபெயர்ந்தார். மகளை அங்கேயே பள்ளியில் சேர்த்தார். அப்புறம் டிசம்பரில், வாக்களிப்புக்கு இரண்டே வாரம் இருக்கும்போது, பிரசாரத்தை விட்டு வாஷிங்டன் திரும்பினார். அரசின் ஒட்டுக்கேட்புக்கு உதவிய தொலைபேசி நிறுவனங்களை வழக்குகளிலிருந்து காப்பாற்றும் மசோதாவை எதிர்த்து செனட்டில் மணிக்கணக்கில் பேசினார். எனக்கு அந்தத் துணிச்சல்தான் பெரிதாகப் படுகிறது.

ஜனவரி 3 அன்று அயோவா வாக்களிப்பில் பைடனுக்குக் கிடைத்தது 1 சதவீதத்துக்கும் குறைவு. டாடுக்கு அதுகூட இல்லை. அன்றிரவே இருவரும் விலகினார்கள்.