ஓ.எஸ். எக்ஸ்ப்ளோரர் வரைபடம்: பழைய தடங்களில் சைக்கிள் பயணத்துக்கு எவ்வளவு தூரம் நம்பலாம்?

இங்கிலாந்தில் தார்ச்சாலையை விட்டு இறங்கி, பழைய வண்டித்தடங்களிலும் குதிரைத்தடங்களிலும் சைக்கிள் பயணம் போக நினைப்பவர்கள் கடையில் முதலில் கையில் எடுப்பது ஆரஞ்சு அட்டை போட்ட ஓ.எஸ். எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தைத்தான். ஓ.எஸ். என்பது ஆர்ட்னன்ஸ் சர்வே, 1791இல் தொடங்கிய நில அளவை நிறுவனம். எக்ஸ்ப்ளோரர் வரிசையில் பிரிட்டன் முழுவதற்கும் 403 தாள்கள். அளவு 1:25,000, அதாவது தாளில் 4 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். ஆனால் அதிலுள்ள பச்சைக் கோடுகளைப் படிக்கத் தெரியாமல் கிளம்பினால் முதல் நாளே சைக்கிளைத் தோளில் சுமக்க வேண்டிவரும்.

பச்சைக் கோடு காட்டுவது சட்டப்படி யார் போகலாம் என்பதை மட்டும். தடம் எப்படி இருக்கும் என்பதற்கு அதில் ஒரு குறிப்பும் கிடையாது. குட்டைக் கோடுகளாக விட்டுவிட்டு வந்தால் நடப்பவர்களுக்கான பாதை. அங்கே சைக்கிள் ஓட்ட உரிமை இல்லை. நீளக் கோடுகளாக வந்தால் பிரிடில்வே, குதிரைத்தடம், சைக்கிள் போகலாம். கோட்டின் மேலும் கீழும் மாறி மாறிச் சிறு குச்சிகள் நீட்டியிருந்தால் அது கட்டுப்பாட்டு பைவே, அதாவது பொது வண்டித்தடம்: மோட்டார் வண்டி தவிர எல்லாம் போகலாம். கூட்டல் குறிகளாக வரிசை கட்டினால் எல்லா வண்டிக்கும் திறந்த பைவே. சைக்கிள்காரருக்கு இந்தக் கடைசி வகை இனிக்கும் என்று தோன்றும். நடைமுறையில் ஜீப்புகள் உழுதுபோட்ட முழங்கால் ஆழப் பள்ளங்கள் இருப்பதும் இதில்தான். பச்சைப் புள்ளிகளாக வரும் தடங்களைப் பலர் கண்டுகொள்வதில்லை. அவை பெரும்பாலும் தார் போடாமல் விட்டுப்போன பழைய ஊர்ச்சாலைகள். கொஞ்சம் தேடினால் நல்ல ஓட்டம் கிடைக்கும்.

பிரிடில்வேயில் சைக்கிள் ஓட்டும் உரிமை 1968ஆம் ஆண்டு கிராமப்புறச் சட்டத்தில் வந்தது. உரிமை கொடுத்த அதே பிரிவு இரண்டு கொக்கிகளையும் போட்டது. நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் சைக்கிள் வழிவிட வேண்டும். சைக்கிளுக்கு வசதியாகத் தடத்தைச் செப்பனிட்டு வைக்கும் கடமை சாலை நிர்வாகத்துக்குக் கிடையாது. குதிரைக் குளம்பு குழைத்த சேற்றில் சக்கரம் புதைந்தால் யாரிடமும் முறையிட முடியாது.

இந்தக் குழப்பத்துக்கு நல்ல உதாரணம் ரிட்ஜ்வே. தென் இங்கிலாந்தில் ஏவ்பரிக்கு அருகே ஓவர்டன் ஹில்லில் தொடங்கி ஐவிங்ஹோ பீக்கனில் முடியும் 139 கி.மீ. தடம், பிரிட்டனின் மிகப் பழைய சாலை என்று பெயர். வரைபடம் அதை முழுக்கப் பச்சை வைரக்குறிகளால் ஒரே தடமாகக் காட்டும். அதை நம்பி முழுத் தூரத்துக்கும் திட்டம் போடக்கூடாது. மேற்கே ஸ்ட்ரீட்லி வரையுள்ள சுமார் 70 கி.மீ. பைவேயும் பிரிடில்வேயும்தான். தேம்ஸைத் தாண்டிய பிறகு பெரும்பகுதி நடைபாதை, சைக்கிள் போகக்கூடாது. வைரக்குறிகளுக்கு நடுவே ஓடும் கோடு நீளமா குட்டையா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் இது தெரியும். தென் இங்கிலாந்தின் இன்னொரு நெடுந்தடமான சவுத் டவுன்ஸ் வே அப்படி இல்லை, 160 கி.மீ. முழுவதும் சைக்கிளில் போகலாம்.

இதே நிறுவனம் 1:50,000 அளவில் போடும் லேண்ட்ரேஞ்சர் தாள் மலிவாக முடியுமே, ஒரு தாளில் ஒரு முழு நாளின் தூரம் அடங்குமே என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் அதில் வயல் எல்லைகள் இல்லை. எக்ஸ்ப்ளோரரில் ஒவ்வொரு வேலியும் வரப்பும் மெல்லிய கறுப்புக் கோடாக இருக்கிறது. தடம் வேலிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது தெரியாமல் 800 மீட்டர் போய்விட்டால், பூட்டிய கதவும் முள்வேலியும்தான் எதிரே நிற்கும். வயலின் குறுக்கே வெட்டிப் போகும் தடமா, ஓரமாகப் போகும் தடமா என்பதும் இதில்தான் தெரியும். குறுக்கே போகும் பிரிடில்வேயை விவசாயி உழலாம். முதல் உழவுக்குப் பின் 14 நாளுக்குள் தடத்தை மீட்டுத் தர வேண்டும் என்பது விதி. இலையுதிர் காலத்தில் அந்த 14 நாளில் ஒன்றில் போய் மாட்டினால், உழுத களிமண்ணில் 400 மீட்டர் தள்ளுவதற்குள் மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே மண் அப்பிச் சக்கரம் நின்றுவிடும். வயலோரத் தடத்தை உழவே கூடாது. அதனால் இரண்டு வழி இருந்தால் ஓரத்தைப் பிடியுங்கள்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. வண்டித்தடத்தை இரண்டு இணைகோடுகளாகக் காட்டுவார்கள். இரண்டும் முழுக்கோடாக இருந்தால் இருபுறமும் வேலி. விட்டுவிட்டு வந்தால் திறந்த தடம். வேலிக்கு நடுவே அடைபட்ட தடத்தில் வெயிலும் காற்றும் நுழையாது. மழை பெய்து ஒரு வாரம் ஆனாலும் தண்ணீர் நிற்கும், சுற்றிப் போகவும் இடமிருக்காது. மழைக்காலத்தில் இந்த ஒரு குறியை மட்டும் பார்த்துப் பாதையை மாற்றினாலே பாதிச் சேற்றிலிருந்து தப்பலாம்.

ஏற்றத்தைக் கணக்கிடச் சமவுயரக் கோடுகள் கைகொடுக்கும். தென் இங்கிலாந்துத் தாள்களில் கோட்டுக்குக் கோடு 5 மீட்டர். (மலைப்பகுதித் தாள்களில் 10 மீட்டர், மறந்தால் கணக்கு இரண்டு மடங்கு தப்பும்.) தாளில் 1 செ.மீ. என்பது 250 மீட்டர். தடம் 1 செ.மீ. தூரத்தில் 5 கோடுகளைக் கடந்தால் 25 மீட்டர் ஏற்றம், 10 சதவீதம். 8 கோடுகள் என்றால் 16 சதவீதம். பைகள் கட்டிய சைக்கிளில், உதிரிக் கற்கள் கிடக்கும் தடத்தில், 12 சதவீதத்துக்கு மேல் இறங்கித் தள்ளுவதுதான் என்று வைத்து நேரம் போடுங்கள்: காய்ந்த சுண்ணாம்புப் பாறைத் தடத்தில் மணிக்கு 10 முதல் 12 கி.மீ., தள்ளினால் 3 அல்லது 4.

அப்படியானால் தரை எப்படி என்பதை எங்கே பார்ப்பது? அதற்கு வேறு மூன்று இடங்களுக்குப் போக வேண்டும் என்பதுதான் இந்த வரைபடத்தின் பெரிய குறை. வான்வழிப் படத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தால் சுண்ணாம்பு. நடுவே புல் திட்டுடன் இரண்டு சக்கரத் தடம் தெரிந்தால் டிராக்டர் புழங்கும் உறுதியான தரை. மரத்தடியில் கறுப்பாக மறைந்தால் சேற்றுக்குத் தயாராகுங்கள். அடுத்தது, பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வு நிறுவனம் இணையத்தில் இலவசமாகத் தரும், நிலத்தின் பாறை, மண் வகைகளைக் காட்டும் வரைபடம். சுண்ணாம்பு மேட்டின் உச்சியிலேயே களிமண்ணும் சக்கிமுக்கிக் கல்லும் கலந்த திட்டுகள் இருக்கும். அங்கே தடம் காட்டுக்குள் நுழைந்தால் வழுக்கல் நிச்சயம். மூன்றாவது, பயனர்களே சேர்ந்து உருவாக்கும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். அதில் தடங்களை கிரேடு 1 முதல் 5 வரை பயனர்களே தரம் பிரித்திருக்கிறார்கள். கிரேடு 3 வரை கவலையில்லை. கிரேடு 5 என்றால் வெறும் மண்ணும் புல்லும். ஆனால் யாரோ கோடையில் போய்ப் போட்ட தரம் ஜனவரிக்குச் செல்லாது.

சுண்ணாம்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காய்ந்தால் சிமென்ட் தரை. நனைந்தால் மேலே மெல்லிய வெண்பசை படர்ந்து சோப்புத் தேய்த்த குளியலறைத் தளம்போல் ஆகிவிடும். அதில் முன் பிரேக்கைத் தொடாமல் பின் பிரேக்கை மட்டும் மெல்லப் பிடித்து இறங்க வேண்டும். அதில் புதைந்திருக்கும் சக்கிமுக்கிக் கல்லின் விளிம்பு பிளேடுபோல் டயரைக் கீறும். 45 மி.மீ. அகல டயர், முன்னே 35, பின்னே 40 பி.எஸ்.ஐ. காற்று, உள்ளே டியூப் இல்லாமல் சீலன்ட் (ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்) என்பது ஓரளவு தாங்கும் ஏற்பாடு. 5 மி.மீ.க்கு மேல் கீறினால் சீலன்ட் அடைக்காது. உள்பக்கம் வைக்கப் பழைய டயரில் 4 செ.மீ. துண்டு ஒன்றை வெட்டிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்காட்லாந்துக்கு இதே தாளை வாங்குபவர்கள் பச்சைக் கோட்டைக் காணோமே என்று திகைப்பார்கள். அச்சுப்பிழை இல்லை. அங்கே 2003 நிலச் சீர்திருத்தச் சட்டப்படி பொறுப்பாக நடந்துகொண்டால் பெரும்பாலான நிலத்தில் சைக்கிள் ஓட்டலாம்; அதனால் பாதை உரிமைகளைத் தனியாகக் குறிப்பதில்லை. அதற்காகக் கறுப்புக் கோடெல்லாம் ஓட்டத்தக்கது என்று எண்ணிவிடக் கூடாது. ஜெனரல் வேடு 1731இல் போட்ட கோரியாராக் கணவாய்ச் சாலை சுமார் 770 மீட்டர் உயரம் ஏறுகிறது. தாளில் ஒழுங்கான தடம். தரையிலோ பல இடங்களில் மண் அரித்துப்போய்ப் பாறாங்கற்கள் துருத்திக்கொண்டிருக்கும்.

காகிதமா, ஆப்பா? காகிதத் தாளோடு கைப்பேசிக்கான பதிப்பும் வருகிறது. அட்டையைத் திறந்து குறியீட்டெண்ணைச் சுரண்டினால் போதும். முழுத் தாளை விரித்தால் காற்றில் பாய்மரம்தான். மடிப்புகள் ஒரு வாரத்தில் கிழியத் தொடங்கும். பிளாஸ்டிக் பூசிய பதிப்பு கிழியாது, ஆனால் கனமும் விலையும் கூடுதல். நல்ல வழி: திட்டமிட மேசையில் காகிதம், ஓட்டும்போது தரவிறக்கிவைத்த ஆப், கைப்பிடியில் அன்றைய தூரத்துக்கு மட்டும் ஏ4 அச்சு.

அந்த ஏ4 தாளில் முந்தின இரவே தடத்தை மார்க்கரில் கோடிட்டு, 5 கி.மீ.க்கு ஒன்றாக மஞ்சள் நிறச் சிறுசாலை எங்கே குறுக்கிடுகிறது என்று வட்டம் போடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் பக்கத்தில் ஒரு நேரம் எழுதுங்கள். அந்த நேரத்துக்குள் அங்கே வந்து சேராவிட்டால் தார்ச்சாலைக்கு இறங்கிவிடலாம். ரிட்ஜ்வேயின் மேற்குப் பாதிக்கு 157, 170 என்ற இரண்டு தாள்கள் பெரும்பகுதியை அடக்கிவிடும்.