பிரிக்பீல்ட்ஸ் இங்கிலீஷ் டியூஷன்: கமா பயம் போச்சு

மக இந்த வருஷம் எஸ்பிஎம் (மலேசியாவுல அஞ்சாம் படிவம் முடிக்கறப்ப எழுதற அரசாங்கப் பரீட்சை) எழுதுறா, கட்டுரையில ஒவ்வொரு 'அண்ட்'க்கும் 'பட்'க்கும் முன்னாடி கமா போட்டு வைப்பா, அதனால கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல துன் சம்பந்தன் மோனோரயில் ஸ்டேஷன் பக்கத்துல ஒரு சின்ன சென்டர்ல மூணு மாசமா விட்டிருக்கேன். டீச்சர் ரொம்ப பொறுமை. முதல் கிளாஸ்லயே ஒரே ஒரு கேள்விதான் கேக்க சொல்லிக்கொடுத்தாங்களாம், 'அண்ட்'க்கு அந்தப் பக்கம் இருக்கறது எழுவாயோட தனியா நிக்குமா? 'ஐ குக்ட் ரைஸ், அண்ட் ஹி மேட் சம்பல்'னா ரெண்டு ஆளு, ரெண்டு முழு வாக்கியம், கமா வேணும். 'ஐ குக்ட் ரைஸ் அண்ட் மேட் சம்பல்'னா ஒரே ஆளு, வேணாம். 'பிகாஸ்' நடுவுல வந்தா பெரும்பாலும் கமா தேவையில்ல, ஆனா அதுவே வாக்கியத்த ஆரம்பிச்சா அந்தப் பகுதி முடியற இடத்துல போடணும். 'ஹவெவர்'தான் எனக்கே புதுசு, அத 'பட்' மாதிரி வெறும் கமாவ வச்சு ரெண்டு வாக்கியத்துக்கு நடுவுல ஒட்டக் கூடாதாம், முற்றுப்புள்ளியோ செமிகோலனோ வேணும், நான் ஆபீஸ் இமெயில்ல இத்தன வருஷமா தப்பாவே எழுதிட்டு இருந்திருக்கேன்.

அமெரிக்காவுல ஓவர்டைம் சட்டத்துல 'ஆர்'க்கு முன்னாடி கமா இல்லாததால பால் கம்பெனி டிரைவர்ங்க கேஸ் போட்டு 2018ல 5 மில்லியன் டாலருக்கு முடிஞ்ச கதையையும் சொன்னாங்களாம், மக வீட்டுக்கு வந்து அதையேதான் பேசிட்டு இருந்தா.

குறைன்னா கட்டுரை திருத்தி வர ரெண்டு வாரம் ஆகுது, சாயங்காலம் பார்க்கிங்கும் கிடைக்காது, ரயில்லயே வாங்க.