தேங்காயெண்ணெயா, ஜெல்லா, சிலிக்கானா?

இரண்டாவது பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த மாதங்களில் உறவு என்றாலே எனக்கு எரிச்சல்தான் நினைவுக்கு வரும். ஆசை இல்லாமல் இல்லை, ஈரம்தான் இல்லை. பாளையங்கோட்டையில் நான் பார்க்கும் டாக்டரம்மா சொல்லித்தான் காரணம் தெரிந்தது. பால் சுரக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் இறங்கிவிடும், யோனியின் ஈரமும் கூடவே குறையும். மாதவிடாய் நின்ற பிறகும் இதே கதைதான். சளிக்குப் போடும் மாத்திரைகளில் சிலவும் மூக்கை உலர்த்துவதோடு நிற்பதில்லையாம். “மனசு ஒப்பலைன்னு நினைச்சுக்காத, ஒரு ஜெல் வாங்கிக்கோம்மா” என்றார்.

வீட்டில் சொன்னதும் என் கணவர் முகம் வாடிவிட்டது. “எங்கிட்ட என்ன கொறை?” உங்கள் குறையும் இல்லை, என் குறையும் இல்லை என்று புரியவைக்க ஒரு வாரம் ஆனது. அதற்கப்புறம் வழுக்கலுக்கு எதைப் போடலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

எச்சில் காசில்லாமல் கிடைப்பது, அதனால்தான் எல்லோரும் முதலில் அதற்குப் போகிறார்கள். ஒரு நிமிஷத்தில் காய்ந்துவிடும். வாயில் இருக்கும் கிருமியும் கூடவே உள்ளே போகும். அதைப் பற்றிப் பேச இதற்கு மேல் ஒன்றுமில்லை.

தேங்காயெண்ணெய் அப்படியல்ல. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நின்றவர்களுக்குத் தெரியும், அவ்வளவு தண்ணீர் கொட்டியும் பிசுக்கு முழுசாகப் போகாது. வழவழப்பு நீடிக்கும், நடுவில் மறுபடி தடவ வேண்டியதில்லை. செக்கில் ஆட்டிய எண்ணெயில் வேறெதுவும் கலந்திருக்காது, மணமும் பழகியது. கூட்டுக் குடும்பத்தில் இன்னொரு வசதி: அறையில் எண்ணெய் பாட்டில் இருந்தால் யாரும் என்ன ஏது என்று கேட்க மாட்டார்கள்.

ஆனால் ஆணுறை போடுகிறவர்களுக்கு எண்ணெய் கூடவே கூடாது. பெரும்பாலான ஆணுறைகள் ரப்பர் பாலில் செய்யும் லேடெக்ஸ். மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்துத் தொழிற்சாலையில் தயாராகி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிற நிரோத்தும் அதுவே. ரப்பர் வாஷர் எண்ணெயில் ஊறினால் என்ன ஆகும் என்று எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார். 1989-இல் வெளியான ஓர் ஆய்வில், மினரல் ஆயில் பட்ட 60 விநாடிகளிலேயே லேடெக்ஸ் ஆணுறையின் வலு சுமார் 90 சதவீதம் குறைந்துபோனது. கிழிந்த பிறகு பார்க்கலாம் என்று இருக்கிற விஷயமா இது? வாசலின், பேபி ஆயில், நெய், நல்லெண்ணெய் எல்லாவற்றுக்கும் இதே தடைதான். வாசலின் உள்ளே போடுவதை ஆணுறை இல்லாவிட்டாலும் விட்டுவிடுங்கள், அதைப் பயன்படுத்திய பெண்களிடம் பாக்டீரியத் தொற்று அதிகம் காணப்பட்டிருக்கிறது. கரிசாலையும் கறிவேப்பிலையும் போட்டுக் காய்ச்சிய தலைத்தைலமும் தலையோடு நிற்கட்டும்.

அடுத்து, தண்ணீர் அடிப்படையிலான ஜெல். இதை வாங்கப் போனதே ஒரு கதை. ஜங்ஷன் பக்கம் ஒரு மெடிக்கலில் தயங்கித் தயங்கி “ஜெல்லி” என்றேன். கடைப் பையன் நாப்கின் கொடுப்பதுபோல் பேப்பரில் சுற்றிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து பிரித்தால் லிக்னோகெய்ன், மரத்துப்போக வைக்கும் ஜெல்லி! வலி என்பது உடம்பு சொல்லும் செய்தி. அதை மறைத்துவிட்டால் உள்ளே உரசிப் புண்ணானாலும் தெரியாது, இன்பமும் தெரியாது, அவருக்கும் சேர்ந்து மரத்துவிடும். அதனால் கடையில் கூச்சப்படாமல் “லூப்ரிகண்ட் ஜெல், தண்ணி பேஸ்” என்று முழுசாகச் சொல்லிவிடுங்கள், அட்டையையும் அங்கேயே படித்துவிடுங்கள்.

சரியான ஜெல் கைக்கு வந்த பிறகு எனக்கு அதுதான் நிம்மதி. ஆணுறைக்கு ஆபத்தில்லை, கழுவினால் போய்விடும், படுக்கைவிரிப்பில் கறையும் இல்லை. குறை என்றால் சீக்கிரம் காய்வது. நம்மூர் அக்கினி நட்சத்திரத்தில், மின்விசிறி முழு வேகத்தில் சுற்றும் அறையில், பத்து நிமிஷத்தில் பசைபோல் இழுக்கும். அப்போது மேலும் மேலும் ஜெல்லைப் பிதுக்காமல் விரலில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தொட்டுத் தடவினால் பழையபடி வழுக்கும்.

ஜெல்லிலும் நல்லது கெட்டது உண்டு. கிளிசரின் நிறைய இருந்தால், உப்புப் போட்ட மாங்காய்த் துண்டு தண்ணீர் விடுவதுபோல, யோனிச் சுவரின் செல்களிலிருந்து அது நீரை உறிஞ்சும். ஈரத்துக்காகப் போட்டது உலர்த்திவிட்டுப் போகும். இந்த உறிஞ்சும் திறனை ஆஸ்மோலாலிட்டி என்பார்கள். அது 1200-க்கு மேல் போகக் கூடாது, முடிந்தால் 380-க்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2012-இல் அறிவுறுத்தியது. நான் வாங்கிய அட்டைகளில் அந்த எண்ணைக் காணோம். அதனால் என் வழி எளிது: பொருட்பட்டியலில் கிளிசரின் முன்னால் நின்றால் வாங்குவதில்லை. அமிலத்தன்மை 4.5 பி.எச். அளவில் இருந்தால் யோனியின் இயல்புக்கு ஒத்துப்போகும். சூடேற்றும் ரகம், ஸ்ட்ராபெர்ரி ரகம் இரண்டும் எனக்கு எரிந்தன.

சிலிக்கான் ஜெல் தபாலில் வரவழைத்தோம். விலை கூடுதல், ஆனால் இரண்டு சொட்டே போதும். காயாது, தோலுக்குள் இறங்காது, ஆணுறைக்கும் பத்திரம், குளிக்கும்போதுகூட நிற்கும். ஆசனவாய்க்குத் தானாக ஈரம் சுரக்காது, அந்த வழியில் உறவு கொள்பவர்களுக்கு நீடித்து நிற்கும் இதுதான் பொருத்தம். சோப்பில்லாமல் போகாது என்பது தொல்லை. குளியலறை டைல்ஸில் சிந்தியதைக் கவனிக்காமல் ஒருநாள் நான் விழப் பார்த்தேன். சிலிக்கானில் செய்த பாலுறவுப் பொம்மைகளோடு இதைச் சேர்க்காதீர்கள், மேற்பரப்பு கெட்டுவிடும்.

பிள்ளைக்காகக் காத்திருப்பவர்களுக்குக் கணக்கே வேறு. எச்சிலும் பல சாதாரண ஜெல்களும் விந்தணுவின் வேகத்தைக் குறைக்கும். அதற்கென்றே தயாரித்த ஜெல் இருக்கிறது, டாக்டரிடம் கேட்டு வாங்கலாம்.

எது போட்டும் வலி போகவில்லையென்றால், உள்ளே நுழைய முயன்றாலே தசை இறுகிக்கொள்கிறதென்றால், ரத்தம் கண்டால், ஜெல்லை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் மகளிர் பிரிவு இருக்கிறது. மாதவிடாய் நின்றவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கிரீம் எழுதித் தருவார்கள், வேறு காரணம் என்றால் அதையும் பார்ப்பார்கள்.

எங்கள் வீட்டில் ஆணுறை இருந்தவரை தண்ணீர் ஜெல். போன வருஷம் காப்பர் டி போட்டுக்கொண்டேன், அதிலிருந்து தேங்காயெண்ணெய்க்கு வந்துவிட்டோம். தலைக்குத் தேய்க்கும் பாட்டிலில் கைவிடாமல் ஒரு சின்ன பாட்டிலில் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். போன வாரம் அத்தை அதை எடுத்து மகளுக்கு முழுசாகத் தலை தேய்த்துவிட்டார்.